வேர்டா, இன்டிசைனா? தமிழ்ப் புத்தகம் போடுகிறவர்களுக்கு ஒரு விளக்கம்

முதல் புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்கப்போகும் எழுத்தாளர், பள்ளி ஆண்டு மலர் பொறுப்பை ஏற்ற ஆசிரியர், சங்கத்துக்குச் சிறப்பிதழ் கொண்டுவர வேண்டிய செயலாளர் எல்லாரும் டிடிபி சென்டரில், அதாவது கணினியில் பக்கம் அமைத்துத் தருகிற கடையில், கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "எல்லாத்தையும் வேர்டுல அடிச்சு வச்சிருக்கேன், அப்படியே அச்சுக்குப் போகாதா?" பதில் அநேகமாக ஒரே வரியில் வந்துவிடும்: "போகாது சார், இன்டிசைன்ல ஏத்தணும்." இன்டிசைன் பக்கம் அமைக்கிற மென்பொருள். ஏன் போகாது, அதில் ஏற்றினால் என்ன கிடைக்கும் என்பதை உட்கார்ந்து விளக்க அங்கே யாருக்கும் நேரம் இருப்பதில்லை. உண்மையில் பல புத்தகங்கள் வேர்டிலிருந்தே நன்றாக அச்சாகும். வேறு சிலவற்றை வேர்டில் தொடங்கினால் பாதி வழியில் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். தமிழில் எழுதுபவருக்கு இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. என் பார்வையில் அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. அதற்குப் போகும் முன் இந்த இரண்டு வகை மென்பொருளும் எதற்காகப் பிறந்தன என்று பார்த்துவிடலாம்.

வேர்ட், லிப்ரெஆபிஸ் ரைட்டர் போன்றவை தட்டச்சுப் பொறியின் வாரிசுகள். மைக்ரோசாஃப்ட் வேர்ட் 1983இல் வந்தது. இவற்றில் உரை என்பது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஓட்டம். நடுவில் ஒரு பத்தியைச் சேர்த்தால் பின்னால் இருப்பதெல்லாம் தானாக நகரும். அந்த ஓட்டத்தை அங்கங்கே வெட்டிக் காட்டுவதுதான் பக்கம். எழுதவும் திருத்தவும் இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது.

பக்கமாக்க மென்பொருள் வந்த வழி வேறு. கணினிக்கு முந்தைய பத்திரிகை அலுவலகங்களில், எழுத்துக் கோத்து எடுத்த தாளைப் பத்தி பத்தியாக வெட்டி, கோடு போட்ட அட்டையில் பசை தடவி ஒட்டிப் பக்கம் தயாரிப்பார்கள். செய்தித்தாள்களுக்குக் கணினி அமைப்புகள் செய்துகொடுத்த நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த பால் பிரெய்னர்ட், 1984இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஆல்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு பேஜ்மேக்கர் வந்தது. ஆப்பிளின் மெக்கின்டாஷ், லேசர்ரைட்டர் அச்சுப்பொறி, பக்கத்தை அச்சுப்பொறிக்கு விவரிக்கிற அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி ஆகியவற்றோடு பேஜ்மேக்கரும் சேர்ந்தபோது ஒட்டு வேலை முழுக்கத் திரைக்குள் போய்விட்டது. இந்தத் தொழிலுக்கு 'டெஸ்க்டாப் பப்ளிஷிங்' (சுருக்கமாக டிடிபி) என்று பெயர் வைத்தவரும் பிரெய்னர்ட்தான். 1994இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 1999இல் இன்டிசைனை வெளியிட்டது. 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7 அந்த வரிசையின் கடைசிப் பதிப்பு.

ஆகவே டிடிபி மென்பொருளில் பக்கம்தான் முதலில் வருகிறது. உரைக்கு ஒரு பெட்டி, படத்துக்கு ஒரு பெட்டி, தலைப்புக்கு ஒரு பெட்டி என்று இடம் ஒதுக்கிவிட்டு, அப்புறம் உள்ளே நிரப்புகிறோம். வைத்த பெட்டி வைத்த இடத்திலேயே இருக்கும்.

ஒரு ஆண்டு மலரில் முதல்வர் வாழ்த்துரை இடப்பக்கம், அவருடைய படம் வலது மேல்மூலை, கீழே விளம்பரதாரரின் கால்பக்க விளம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை வேர்டிலும் செய்யலாம். ஆனால் வாழ்த்துரையில் இரண்டு வரி கூடினால் படம் அடுத்த பக்கத்துக்குத் தாவும், விளம்பரம் அதன் பின்னால் போகும். அதைச் சரிசெய்தால் அதற்கடுத்த நான்கு பக்கம் குலையும். வேர்டில் படம் ஏதாவது ஒரு பத்தியோடு கட்டப்பட்டிருக்கும். பத்தி நகர்ந்தால் படமும் நகரும். எழுதுகிற வேலைக்கு இது வசதி, மலர் வேலைக்குத் தொல்லை. படமும் விளம்பரமும் இரண்டு மூன்று பத்திகளுமாகப் பக்கம் பக்கமாக மாறுகிற எந்த இதழையும் டிடிபியில்தான் செய்ய வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

நாவல், கட்டுரைத் தொகுப்பு, தன்வரலாறு, ஆய்வேடு போன்றவற்றுக்கு நிலைமை அப்படியில்லை. இவை ஒரே உரை ஓட்டம். அதுதான் வேர்டின் சொந்த ஊர். நிறையப் பேர் வேர்டில் தோற்பது மென்பொருளின் குறையால் இல்லை, வேலையைத் தொடங்குகிற விதத்தால். ஏ4 தாளில் அடித்து முடித்துவிட்டு, கடைசியில் டெம்மி அளவுக்கு, அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலத்துக்கு மாற்றுவார்கள். தலைப்பைக் கீழே இறக்க என்டர் விசையைப் பத்துத் தடவை தட்டியிருப்பார்கள். பத்தித் தொடக்கத்துக்கு ஸ்பேஸ் பாரை அடித்திருப்பார்கள். அளவை மாற்றியதும் இவையெல்லாம் சிதறும்.

பக்க அளவை முதல் நாளே வைத்து, இட வலப் பக்கங்களுக்கு எதிரெதிர் ஓரம் கொடுத்து, தையல் பக்கம் சற்றுக் கூடுதலாக இடம் விட்டு, அத்தியாயத் தலைப்பு, பத்தி, மேற்கோள் மூன்றுக்கும் தனித்தனி ஸ்டைல் (எழுத்தளவு, இடைவெளி போன்றவற்றின் தொகுப்பு) அமைத்து அடித்தால், வேர்டிலிருந்து எடுக்கிற பிடிஎஃப் நேராக அச்சுத் தகடான பிளேட்டுக்குப் போகலாம். அச்சகத்துக்கு வேர்ட் கோப்பை மட்டும் கொடுத்தனுப்ப வேண்டாம். அந்தக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும். 160 பக்கம் 171 ஆகும், பொருளடக்கத்தின் பக்க எண்கள் பொய்யாகும்.

இந்தப் பக்கக் கணக்கு அச்சில் சாதாரண விஷயமில்லை. டெம்மி 1/8 புத்தகத்தில் 16 பக்கம் ஒரு ஃபாரம், அதாவது சேர்த்து அச்சிட்டு மடிக்கிற ஒரு தொகுதி. 160 பக்கம் என்றால் கச்சிதமாகப் பத்து ஃபாரம். 163 ஆகிவிட்டால் அந்த மூன்று பக்கத்துக்காகக் கூடுதல் தாளும் ஓட்டுக்கூலியும் கொடுக்க வேண்டும். அனுபவமுள்ள டிடிபி ஆபரேட்டர் இந்த இடத்தில்தான் தன் கைத்திறனைக் காட்டுவார். கடைசி வரியில் ஒற்றைச் சொல் தொங்குகிற பத்திகளாகத் தேடி, எழுத்திடைவெளியைக் கண்ணுக்குத் தெரியாத அளவு குறைத்து வரியை மீட்பார். இப்படி மூன்று பக்கத்தைச் சுருட்டிக் கொடுத்துவிடுவார். வேர்டிலும் எழுத்திடைவெளியை மாற்றலாம். ஆனால் விளைவை வரி வரியாக ஆள்கிற வசதியில் இன்டிசைன் பல படி மேலே.

வரி நிரப்புவதிலும் ஒரு வேறுபாடு உண்டு. வேர்ட் ஒரு வரியை நிரப்பி முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகும். இன்டிசைனின் பத்தி அமைப்பி முழுப் பத்தியையும் மொத்தமாகப் பார்த்து, எங்கே உடைத்தால் எல்லா வரிகளிலும் இடைவெளி சீராக இருக்கும் என்று எடைபோடும். ஆங்கிலத்தில் இந்த வித்தியாசம் லேசாகத்தான் தெரியும். தமிழில் பளிச்சென்று தெரியும், நம் சொற்கள் அவ்வளவு நீளம். 'சொல்லிக்கொண்டிருக்கவேண்டியிருந்தது' போன்ற ஒரு சொல் நாலங்குல வரியில் இடம் கொள்ளாமல் அடுத்த வரிக்கு இறங்கினால், மேல் வரியில் மூன்றே சொற்கள் ஆளுக்கொரு மூலையில் நிற்கும். நாளிதழ்கள் இணைப்புக்குறி இல்லாமலே சொல்லை உடைத்து இதைச் சமாளிக்கின்றன. வேர்டில் இப்படி உடைக்க, அகலமில்லாத விருப்ப உடைப்பு என்கிற கண்ணுக்குத் தெரியாத குறியைக் கையால் செருக வேண்டும். புத்தகத்துக்கு நூறு இடத்தில் செருக யாருக்குப் பொறுமை உண்டு? என் யோசனை: வேர்டில் செய்கிற தமிழ்ப் புத்தகத்தில் இருபக்கமும் நேராக்குவதை விட்டு, வலப்பக்கம் ஒழுங்கில்லாமல் விட்டுவிடலாம். படிக்க நன்றாகவே இருக்கும். கவிதை நூலுக்கு இந்தக் கவலையே இல்லை.

வண்ணமும் படமும் வந்தால் வேர்டின் எல்லை சீக்கிரமே வந்துவிடும். ஆஃப்செட் அச்சு சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையில் நடக்கிறது. வேர்டுக்குத் தெரிந்தது திரையின் சிவப்பு, பச்சை, நீலம் மட்டும். பக்க விளிம்பு வரை படம் போக வேண்டுமென்றால் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டி வைக்க வேண்டும். வேர்டில் அதற்கு வழியில்லை. இன்னொன்று பலருக்குத் தெரியாது: வேர்டின் பல பதிப்புகள் கோப்பைச் சேமிக்கும்போதே படங்களை அங்குலத்துக்கு 220 புள்ளியாகச் சுருக்கிவிடும். அச்சுக்கு 300 வேண்டும். அமைப்புகளில் போய்ப் படத்தைச் சுருக்காதே என்று முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும். வேர்டில் உள்பக்கம் செய்தாலும் அட்டையை வேர்டில் செய்ய வேண்டாம்.

தமிழுக்கே உரிய சிக்கல்

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழில் டிடிபி வந்த கதை இன்னொரு சுமையையும் கொண்டுவந்தது. அந்தச் சுமை இன்றும் இறங்கவில்லை.

பேஜ்மேக்கருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்களைக் கொண்டுதான் நாம் அதில் தமிழ் செய்தோம். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று வர வேண்டுமானால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும். திரையில் தமிழ் தெரியும்; கோப்புக்குள் இருப்பது அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துருவை எடுத்துவிட்டால் பொருளே இல்லாத ஆங்கில எழுத்துக் குவியல். அதிலும் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனக்கென்று ஒரு இட அமைப்பு வைத்துக்கொண்டது. ஒரு சென்டரில் செய்த வேலையை இன்னொரு சென்டரில் அதே எழுத்துரு இல்லாமல் திறக்க முடியாது.

இப்படிச் செய்த கோப்பைக் கணினியால் தமிழாகக் கையாள முடியாது. ஆய்வு நூலுக்குச் சொல்லடைவு செய்து, அகரவரிசைப்படுத்து என்று சொன்னால், அது ஆங்கில அகரவரிசையில் அடுக்கும். பாமினியில் யகரம் ஏ விசையில் இருக்கிறது, உகரம் சி விசையில், நகரம் ஈ விசையில், ககரம் எஃப் விசையில். ஆக யகரச் சொற்கள் உகரச் சொற்களுக்கு முன்னால் நிற்கும், நகரம் ககரத்தை முந்திக்கொள்ளும். கொம்பு போட்ட சொற்களின் கதி இன்னும் மோசம். 'பெயர்' என்பதில் கொம்பைத்தான் முதலில் தட்டுகிறோம். அதனால் அது பகரத்தோடு சேராமல், கொம்புக்குரிய என் விசையின் கீழ் தனியாக ஒதுங்கும். அந்தக் காலச் சொல்லடைவுகளைக் கையால் அடுக்கி முடித்தவர்களை நான் மனதார வணங்குகிறேன்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வரையறுக்கிற டாம், டாப் என்ற குறியேற்றத் தரங்களும் தமிழ்99 விசைப்பலகையும் அறிவிக்கப்பட்டன. ஆனாலும் கையிலிருந்த எழுத்துருவைப் பதிப்புலகம் விட்டுவிடவில்லை. மறுபக்கம், உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியேற்றமான யூனிகோடு 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்திருந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தபோது சாதாரண மேசைக் கணினியிலேயே யூனிகோடு தமிழ் கிடைத்தது. வேர்ட் அதை ஏற்றுக்கொண்டது. பேஜ்மேக்கர் கடைசிப் பதிப்பு வரை ஏற்கவில்லை.

எழுதுகிறவர்கள் யூனிகோடுக்கு மாறினார்கள், பக்கம் செய்கிறவர்கள் பழைய எழுத்துருவிலேயே நின்றார்கள். எழுத்தாளர் யூனிகோடில் அடித்து மின்னஞ்சலில் அனுப்புவார். டிடிபி ஆபரேட்டர் அதைக் குறியேற்றம் மாற்றுகிற மென்பொருளில், அதாவது மாற்றியில் போட்டுப் பாமினியாகவோ வேறொன்றாகவோ ஆக்கிப் பேஜ்மேக்கரில் ஏற்றுவார். முதல் புரூஃப், இரண்டாம் புரூஃப், எழுத்தாளரின் கடைசி நேரத் திருத்தம் எல்லாமே பேஜ்மேக்கர் கோப்பில்தான் நடக்கும். புத்தகம் வந்துவிடும். எழுத்தாளரிடம் இருக்கும் வேர்ட் கோப்போ திருத்தம் எதுவும் ஏறாத பழைய பிரதி. இறுதி வடிவம் பேஜ்மேக்கர் கோப்பில் மட்டுமே இருக்கும். அதுவும் வழக்கொழிந்த குறியேற்றத்தில், நிறுத்தப்பட்ட மென்பொருளில். இன்டிசைனில் திறந்துகொள்ளலாம் என்றால், அதன் சிஎஸ்6 பதிப்பு வரைக்கும்தான் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கிற வசதி இருந்தது.

2016இல் கிண்டில் தமிழ்ப் புத்தகங்களை ஏற்கத் தொடங்கியதும், பழைய நூல்களை மின்னூலாக்க நினைத்தவர்கள் இதே கோப்புகளைத் தேடி எடுத்தார்கள். மாற்றியில் போட்டால் இடையிடையே இருக்கிற ஆங்கிலச் சொற்களும் தமிழாகிவிடும். ஆங்கிலத்தில் பெயர்களுக்கு முன்னால் போடுகிற மூன்றெழுத்து 'தி' பாமினிக் கணக்கில் 'வாந' ஆகும். அடிக்குறிப்பில் ஆங்கில நூல்களைச் சுட்டுகிற ஆய்வு நூலில் இப்படி எத்தனை 'வாந' இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆக இன்னொரு முழு மெய்ப்பு பார்க்காமல் தீராது. அச்சுக்குப் போன பிடிஎஃப்பிலிருந்து நகலெடுக்கலாமே என்று தோன்றலாம். பிடிஎஃப் வடிவங்களை அவை தெரிகிற இடத்தில் வைப்பதற்காக உண்டானது. அதிலிருந்து தமிழை எடுத்தால், யூனிகோடு எழுத்துருவாக இருந்தாலும்கூட, கொம்பும் துணைக்காலும் இடம் மாறி வருவது சகஜம்.

அதனால்தான் சொல்கிறேன்: வேர்டா இன்டிசைனா என்பதைவிட, திருத்தி முடித்த உரை கடைசியில் எந்தக் கோப்பில், எந்தக் குறியேற்றத்தில் தங்கப்போகிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

இன்றைய நிலைமை

நல்ல செய்தி, பழைய எழுத்துருக்களில் இருந்தே ஆக வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. யூனிகோடு சரிவர இயங்காத இடங்களுக்கு டேஸ்16 என்ற மாற்றையும் சேர்த்துக்கொண்டது. 2012இல் வந்த இன்டிசைன் சிஎஸ்6 முதல் யூனிகோடு தமிழ் அதில் ஒழுங்காக வருகிறது. ஒரே ஒரு அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்தி ஸ்டைலில் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் கம்போசர் என்று ஒரு தேர்வு இருக்கும். அதை 'அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்று மாற்ற வேண்டும். மாற்றாமல் தமிழை ஒட்டினால் 'கெ' என்பது கொம்பு தனியாக, ககரம் தனியாக உடைந்து நிற்கும். இந்த உடைந்த எழுத்தை ஒருதடவை பார்த்துவிட்டு, யூனிகோடு இன்டிசைனில் வராது என்று முடிவுகட்டிப் பாமினிக்கே திரும்பியவர்கள் ஏராளம். உங்கள் ஆபரேட்டர் அப்படிச் சொன்னால் இந்த ஒரு தேர்வைக் காட்டிக் கேளுங்கள்.

ஆபரேட்டர்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு. பழைய எழுத்துருக்களில் இருந்த அழகும் வகையும் யூனிகோடில் வர ரொம்ப நாள் பிடித்தது. லதா திரைக்காக வரைந்தது. அதில் அச்சிட்ட புத்தகம் அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி இருக்கும். இப்போது நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், காட்டமரான், மீரா இனிமை என்று இலவசமாகவே பல கிடைக்கின்றன. எதை எடுத்தாலும் வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள். மேலே 'கீ', கீழே 'கூ' என்று இரண்டு பக்கமும் நீள்கிற எழுத்து நம்முடையது. 11 புள்ளி எழுத்துக்கு 15 புள்ளி வரியிடைவெளி நன்றாக இருக்கும். வேர்டில் இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' என்று நெருக்கி வைத்தால் மேல்சுழியின் தலை வெட்டுப்படும்.

இன்டிசைன் 2013 முதல் சந்தா கட்டிப் பயன்படுத்துகிற மென்பொருள். ஒரே ஒரு புத்தகத்துக்காக அதைச் சந்தா கட்டிக் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. தெரிந்தவரிடம் கொடுத்துவிடலாம். இலவசமாக வேண்டுமென்றால் ஸ்கிரைபஸ் இருக்கிறது. அதன் பழைய 1.4 பதிப்பில் தமிழ் உடையும். 2024இல் வந்த 1.6 பதிப்பில் தமிழ் ஒழுங்காக வருகிறது, மலர் வேலைக்குப் போதும். அஃபினிட்டி பப்ளிஷர் 2019இல் வந்தபோது இந்திய மொழி எழுத்துகளை அதனால் கோக்க முடியவில்லை. அதில் வேலையைத் தொடங்குவதற்கு முன் 'கொ', 'கௌ' இரண்டையும் தட்டிப் பார்த்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் பப்ளிஷர் 2026 அக்டோபரோடு நிறுத்தப்படும் என்று அறிவித்துவிட்டார்கள், அதில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். கோரல்டிரா கல்யாணப் பத்திரிகைக்கும் ஃபிளெக்ஸுக்கும் அருமையான கருவி. ஆனால் அதில் 200 பக்கப் புத்தகம் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கணக்கும் அடிக்குறிப்பும் நிறைந்த ஆய்வேட்டுக்கு, கட்டளைகளை உரையோடு சேர்த்து எழுதிப் பக்கமாக்குகிற ஸீடெக் (XeTeX) உண்டு. கற்றுக்கொள்ளக் கடினம், ஆனால் கோப்பு வெறும் யூனிகோடு உரை என்பதால் எத்தனை வருடம் கழித்தும் திறக்கும்.

இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்களுக்கு ஒரு ஒழுங்கு சொல்கிறேன். மெய்ப்பு முழுவதையும் வேர்டிலேயே முடியுங்கள், கடைசிக் காற்புள்ளி வரை. அதற்கு முன் பக்கமாக்கத்தைத் தொடங்க விடாதீர்கள். ஸ்டைல் போட்டு அடித்த வேர்ட் கோப்பை இன்டிசைனில் பிளேஸ் கட்டளையால் கொண்டுவந்தால் ஸ்டைல்களும் அடிக்குறிப்புகளும் கூடவே வரும். ஆபரேட்டர் மறுபடி எதையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. பக்கம் ஆனபிறகும் சில திருத்தங்கள் வரத்தான் செய்யும். அவற்றை இன்டிசைனில் மட்டும் செய்துவிட்டுப் போகாமல் வேர்ட் பிரதியிலும் அன்றைக்கே ஏற்றிவிடுங்கள். அது முடியாதென்றால், அச்சுக்குப் போன பிறகு இன்டிசைனிலிருந்து உரையை, வேர்டில் திறக்கக்கூடிய ஆர்டிஎஃப் கோப்பாக ஏற்றுமதி செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஏற்றுமதி ஒரு நேரத்தில் ஒரு உரை ஓட்டத்தைத்தான் எடுக்கும். எல்லாப் பக்கத்துப் பெட்டிகளையும் ஒரே சங்கிலியாகக் கோத்திருந்தால் ஒரே கட்டளையில் முழுப் புத்தகமும் வந்துவிடும். பக்கத்துக்கு ஒரு தனிப் பெட்டியாக ஒட்டியிருந்தால் 160 தடவை எடுக்க வேண்டும், யாரும் எடுத்துத் தரமாட்டார்கள். ஆகவே பெட்டிகளைக் கோத்துத்தான் செய்ய வேண்டும், யூனிகோடு எழுத்துருதான் போட வேண்டும், பிடிஎஃப்போடு ஆர்டிஎஃப்பும் தர வேண்டும் என்ற மூன்றையும் முன்பணம் கொடுக்கிற அன்றைக்கே பேசி எழுதி வாங்கிவிடுங்கள். அச்சு முடிந்தபிறகு கேட்டால், "அந்த சிஸ்டம் ஃபார்மட் ஆயிடுச்சு சார்" என்ற பதில்தான் வரும்.